எட்டாம் நாள் இலை

அத்தியாயம் பதினான்கு

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றுவதில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று முதலிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். எடுப்பதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வருகிறார்கள். காரை வெளியே போகத் தோதாகத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் அழவே ஆரம்பிக்கிறார்கள். அதற்கும் முடியாதவர்கள் போனில் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அதே விரலால் அடுத்த ஆளுக்குப் பிறந்தநாள் கேக் படம் அனுப்புகிறார்கள்.

கேட்டால் நேரமில்லையாம்.

பிச்சைமுத்துவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு எரியும். ஆளுக்கு ஆள் வேறு வேறு கடிகாரமா கொடுத்திருக்கிறது? எல்லாருக்கும் இருப்பது ஒரே பகல், ஒரே ராத்திரி. மனசு இருக்கிறவனுக்கு நேரம் இருக்கும். இதுதான் அவருடைய கட்சி. அறுபத்தொன்பது வயது வரை அவர் இந்தக் கட்சியை மாற்றிக்கொண்டதில்லை.

அப்படிப் பேசுவதற்கு உரிமை உள்ளவர்தான். தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றவர். லாரி ஓட்டி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். முதலாளிகள் தோட்டத்தை விற்று, ரப்பர் பால்மரத்தை அழித்ததில் ஜனமெல்லாம் ஆயர் குரோவுக்கும் புக்கிட் பெருவாங்குக்கும் சிதறிப்போன பிறகும், அந்தத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தை மட்டும் சிதறவிடாமல் பிடித்து வைத்திருப்பவர். முப்பத்தொரு வருசம். யார் வீட்டில் உயிர் போனாலும் முதல் போன் அவருக்குத்தான். கூடாரம், நாற்காலி, பாடைக்கு மூங்கில், எட்டாம் நாள், பதினாறாம் நாள், எல்லாம் அவர் தலையில்.

போன சனிக்கிழமை விடிகாலையில் வந்த போனும் அப்படி வந்ததுதான். ஆயர் குரோவில், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி ஒருவர் இறந்துவிட்டார். பிச்சைமுத்து மோட்டார் சைக்கிளை எடுத்தார். மனைவி பவானேஸ்வரி கேட் வரை வந்தாள்.

"இன்னிக்கி சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல இருப்பீங்களா?"

"ஏன், எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பதினொரு மணிக்கு அவர் அங்கே கூடாரத்துக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மோட்டார்க் கூடையில் கிடந்த அவருடைய போன் நாலு தடவை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது தடவைதான் எடுத்தார். துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் விழுந்து கிடந்தவளைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

சங்கத்தில் இருப்பது ஒரே கூடாரம். மூன்று மணிக்குக் கிராணியை எடுத்த பிறகு அதைப் பிரித்து, ஒரு லாரியில் போட்டுக் கொண்டுவந்து, பொழுது சாய்கிற நேரத்தில் பிச்சைமுத்துவே தன் வீட்டு வாசலில் கட்டினார். அதுவரை அவளைப் பார்க்க வந்தவர்கள் தூறலில் நின்றார்கள்.

இன்று எட்டாம் நாள்.

* * *

எட்டாம் நாள் தானாகவே சனிக்கிழமையில் விழுந்தது. இல்லாவிட்டால் லீவு இல்லை என்று பிள்ளைகள் அதையும் இழுத்து ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருப்பார்கள் என்பது பிச்சைமுத்துவின் எண்ணம். மகன் புவனேஷுக்குச் சிங்கப்பூரில் கம்பெனி வேலை. நாளைக்கு பஸ் ஏற வேண்டும். மகள் தேவிஸ்ரீ ஆயர் குரோவில் இருக்கிறாள். இங்கிருந்து காரில் பத்து நிமிடம். வந்து போவது மாதத்துக்கு ஒரு தடவை.

தேவிஸ்ரீயின் வேலையே பிச்சைமுத்துவுக்கு நம்பிக்கை இல்லாத வேலை. ஆபீஸ் ஆபீசாகப் போய், மனிதர்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறாளாம். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். போன தீபாவளிக்கு வந்தபோது அப்பா அம்மாவுக்கும் ஆளுக்கொரு தாள் நீட்டினாள். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம், உங்களுக்கு எது முக்கியம் என்று எழுத வேண்டும். அந்தப் பக்கம், போன வாரம் உங்கள் நேரம் எதில் எதில் போனது என்று எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

பிச்சைமுத்து இந்தப் பக்கம் 'குடும்பம்' என்று எழுதினார். வேறு என்ன எழுதுவது? அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் நேரம் என் கையில இல்ல. சாவு கையில இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பவானேஸ்வரி தாளைக் கையிலேயே வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு இது? அதான் காலண்டர் இருக்குல்ல" என்று சொல்லி, முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இன்று காலை தேவிஸ்ரீ போனில் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். அவர்கள் வழக்கத்தில் எட்டாம் நாள் சாயங்காலம், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைப்பார்கள். விளக்கேற்றிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். போனவர் வந்து சாப்பிட்டுப் போவார். பிடித்தது இலையில் இல்லையென்றால் பசியோடு திரும்பிவிடுவார். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்.

இந்த விசயத்தில் பிச்சைமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது. இருநூறு வீட்டுக்கு மேல் அவரே கேட்டு, அவரே பாசாருக்குப் போய் வாங்கி வந்து படைத்திருக்கிறார். சின்னத்தம்பிக்குக் கறுப்பு பீரும் வாளைக் கருவாடும். வேலாயிக்குச் சீனி தொட்ட ரொட்டி சானாய், பக்கத்தில் ஒரு சுருட்டு. கணேஸ்வரனுக்குக் குடல் பிரட்டல், அதுவும் மிளகு தூக்கலாக. எல்லாம் தலையில் இருக்கிறது. எங்கும் எழுதி வைத்தது கிடையாது.

"அம்மாவுக்கு என்னப்பா புடிக்கும்?" என்றாள் தேவிஸ்ரீ.

"எல்லாம் புடிக்கும்."

"எல்லாம்னா என்னா?"

"எதைக் குடுத்தாலும் சாப்பிடுவா. இது வேணும் அது வேணும்னு கேக்குற ஆளா உங்கம்மா?" பிச்சைமுத்து கோப்பியைக் கீழே வைத்தார். "மீன் மட்டும் ஆகாது. அது நல்லாத் தெரியும். இந்த வீட்டுல மீன் வாடையே வந்ததில்ல."

மீன் வாடை ஆகாதது அவருக்கு. அது பிள்ளைகளுக்குத் தெரியும். தேவிஸ்ரீ வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். ஏனென்றால் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

புவனேஷுக்குத் தெரிந்திருந்தது. சாக்லேட் என்றான். ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் அம்மாவுக்கு வாங்கி வருவது அதுதான். எங்கே வைத்திருப்பாள் என்று தேடி, சமையலறை மேல் அலமாரியைத் திறந்தான். ஒன்பது டப்பா. வாங்கி வந்த வரிசையில் அடுக்கியிருந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அடியில் இருந்தது நாலு வருசத்துக்கு முன்னால் வாங்கியது.

புவனேஷ் அலமாரிக் கதவை மெதுவாக மூடினான்.

* * *

பிச்சைமுத்து பையை எடுத்துக்கொண்டு பாசாருக்குக் கிளம்பினார். வழியில் வேலாயியின் வீடு. இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கிழவியின் மகன் ஞாபகம் வரும்.

சங்க வேலையில் கூடாரம் கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. அதை அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாதவர்கள் வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று. வேலாயி மூன்று நாள் பேச்சே இல்லாமல் கிடந்து செத்தவள். மகன் பினாங்கிலிருந்து வந்து கேட்டான். பிச்சைமுத்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, 'அடுத்த வாரம் எம்பிள்ள வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்திச்சுப்பா' என்றார். அந்த ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்து எழுந்து வாய்க்கரிசி போட்டான்.

கேட்ட உடனே சொல்லக் கூடாது. உடனே சொன்னால் நம்ப மாட்டார்கள். தரையைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருசத்தில் அந்தப் பொய் ஒரு வீட்டிலும் தவறியதில்லை.

ஆட்டுக்கறிக் கடைக்காரருக்குப் பிச்சைமுத்துவோடு பல வருசப் பழக்கம். சனிக்கிழமை காலையில் இவர் கறி வாங்க வந்து நின்றால், யாரோ ஒருவருக்கு எட்டாம் நாள் என்று அர்த்தம். கத்தியைத் தீட்டிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்.

"இந்த வாட்டி யாருக்கு அண்ணே?"

"வீட்டுக்கு."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குச் செய்தி எட்டவில்லை. மேசையைத் துடைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்காவுக்கு எலும்போடு போடவா, தனிக்கறியாகப் போடவா என்று கேட்டார்.

பிச்சைமுத்து யோசித்தார். நாற்பத்தொரு வருசம் அவள் ஆக்கியதை அவர் சாப்பிட்டிருக்கிறார். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. எட்டுக்கோ ஒன்பதுக்கோ வீடு திரும்புவார். மேசைமேல் தட்டு மூடியிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆச்சு என்பாள். என்ன சாப்பிட்டாய் என்று அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எத்தனை மூச்சு செலவாகியிருக்கும் அதற்கு?

"ரெண்டுலயும் போடு" என்றார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பாச்சாங்கில் ஒரு சாவு. துக்க வீட்டுக்காரரான அவர் பதினாறு முடியும்வரை இன்னொரு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அதனால் இளவட்டங்கள்தான் கூடாரத்தை எடுத்துப் போயிருந்தார்கள். எந்தக் குழாய் எதில் சொருக வேண்டும் என்று தெரியவில்லையாம். பிச்சைமுத்து கடையோரம் ஒதுங்கி நின்று சொல்லிக்கொடுத்தார். நீலப் பட்டை சுற்றிய குழாய் நடுவுக்கு, சிவப்புப் பட்டை ஓரத்துக்கு, கயிற்றை முதலில் காற்று வரும் பக்கம் கட்டு. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால் அரை மணி நேரம் போயிருந்தது. கறிப் பையில் ஈ உட்கார்ந்திருந்தது.

இந்த அரை மணி நேரமும் அவருக்கு அவள் ஞாபகமே வரவில்லை. அதை நினைத்துக்கொண்டே ஈயை விரட்டினார்.

பிறகு அவர் வாங்கினார் பாருங்கள். கோழி, குடல், முட்டை, கருவாடு, ரொட்டி சானாய், லட்டு, ஜிலேபி, பலாச்சுளை, ஆரஞ்சுத் தண்ணி இரண்டு போத்தல். யார் யாருக்கோ பிடித்ததையெல்லாம் நினைவுபடுத்தி நினைவுபடுத்தி வாங்கினார். செத்துப்போன இருநூறு பேருக்குப் பிடித்ததையும் வைத்துவிட்டால், அதில் ஒன்றாவது அவளுக்குப் பிடித்ததாக இருந்துவிடாதா? சுருட்டை மட்டும் விட்டுவிட்டார்.

* * *

பைகளைப் பார்த்ததும் தேவிஸ்ரீக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிச்சைமுத்துவும் பதிலுக்குக் கத்தியிருப்பார், கணக்குத் தீர்ந்திருக்கும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"குடல் அம்மா தொடவே மாட்டாங்கப்பா. கழுவுறது அவங்க, சாப்பிடுறது நீங்க."

"அப்ப என்னா புடிக்கும்னு நீ சொல்லேன். பெரிய பாடமெல்லாம் எடுக்கிறியே ஊருக்கு."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. தேவிஸ்ரீயின் கண் நிறைந்தது. "தெரியலப்பா" என்றாள். "பத்து நிமிசம்தான். நான் வந்தா எனக்குப் புடிச்சத ஆக்கி வெச்சிருப்பாங்க. சாப்பிட்டுட்டுப் போயிருவேன். எனக்கும் தெரியல."

அவள் வெங்காயம் உரித்தாள். அவர் தேங்காய் உடைத்தார். சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியது. மாதம் பிறந்த அன்று யாரோ பழைய தாளைப் பின்னால் மடித்துவிட்டு டிசம்பரைக் காட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நீலப் பேனாவால் ஒரு வட்டம். இன்றைய தேதிக்கும் ஒன்று. வரப்போகிற சனிக்கிழமைகளுக்கும்.

இது என்ன வட்டம் என்று தேவிஸ்ரீ கேட்டாள்.

பிச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரிந்ததுதான். சனிக்கிழமை சங்க நாள், தான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அவள் குறித்து வைத்திருப்பாள் என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவரையே நினைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா?

* * *

ஐந்து மணிக்கு ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவள் இந்திராதேவி. நாலு தெரு தள்ளி இருப்பவள், பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்ந்தவள், புருசனை இழந்தவள். அந்தப் புருசனுக்கும் பிச்சைமுத்துதான் கூடாரம் கட்டினார். அதற்குமேல் அவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கையில் மூடி போட்ட சட்டி. மூடியைத் திறக்கும் முன்பே அவர் மூக்கு சுருங்கியது. மீன்.

"இது எதுக்கும்மா? அவ மீன் சாப்பிட மாட்டா."

இந்திராதேவி தேவிஸ்ரீயைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாருகிட்ட சொல்றீங்கண்ணே? அஞ்சு வருசமா சனிக்கிழமையானா அவ எங்கூட உக்காந்து சாப்பிட்டது இதான். திருக்கை அசாம் பெடாஸ். குருத்தெலும்பக்கூட மிச்சம் வெக்க மாட்டா."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. பிறகு தேவிஸ்ரீ வந்து அந்தச் சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு இலை போட்டார்கள். கறியும் கோழியும் லட்டும் ஜிலேபியுமாக இலை நிறைந்து, ஆரஞ்சுத் தண்ணி போத்தல் தரையில் நின்றது. புவனேஷ் ஒரு சாக்லேட் டப்பாவைக் கொண்டுவந்து, வைக்கலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு, திருப்பிக் கொண்டுபோய்விட்டான். அசாம் பெடாஸ் புளிக்குழம்பை எங்கே வைப்பது என்று தேவிஸ்ரீ அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் கறியை ஓரத்துக்குத் தள்ளி, மீனை இலையின் நடுவில் வைத்தாள்.

விளக்கேற்றினார்கள். கதவைச் சாத்திவிட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது.

அந்த அரை மணி நேரத்தில்தான் இந்திராதேவி சொன்னாள். பிச்சைமுத்து கேட்கவில்லை, தேவிஸ்ரீ கேட்டாள். சனிக்கிழமை நாலரைக்கு அவள் காரோடு வந்துவிடுவாளாம். பவானேஸ்வரி உடுத்திக்கொண்டு கேட்டில் நிற்பாளாம். நேராகத் தங்கா பத்து ஊருக்குப் போவார்களாம். கடலோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா கடை. அந்த அம்மா பவானேஸ்வரியைக் கண்டதுமே திருக்கை வாலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாராம். சாப்பிட்டுவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கி நடப்பார்களாம். ஏழரைக்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாளாம், அண்ணனுக்குத் தட்டு வைக்க வேண்டுமே.

"அம்மா அங்க என்னா பேசுவாங்க?"

"பேசறதா? சிரிப்பாம்மா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொறை ஏறும். கடைக்காரம்மாவ மாதிரியே பேசிக் காட்டுவா. உங்கம்மா பயங்கரமான ஆளுலா."

பிச்சைமுத்துவுக்கு அந்த ஆளைத் தெரியாது. பேசிக் காட்டுகிறவள், கடலில் இறங்குகிறவள், மீன் தின்கிறவள். முதலில் பல வருசம் சனிக்கிழமைகளில் உங்களுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தாள் அண்ணே என்று இந்திராதேவி சொன்னாள். ஒரு நாள் காத்திருப்பதை நிறுத்திவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. அவருக்கு அவர் வேலை முக்கியம், எனக்கு ஒரு நாள் முக்கியம் என்று சொல்லிவிட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாளாம்.

அந்த வட்டம்.

அது சங்கத்துக்குப் போட்டதில்லை. அவருக்குப் போட்டதும் இல்லை.

அவர் வெகுநேரம் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவள் வந்திருந்தால் இந்நேரம் எதைத் தொட்டிருப்பாள் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அவர் வாங்கி வந்ததில் ஒன்றையும் தொட்டிருக்க மாட்டாள்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். முப்பத்தொரு வருசமாகப் பிறத்தியார் வாயில் கேட்ட கேள்வி தன் வாயிலிருந்து வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"என்னையப் பத்தி எதாச்சும் சொல்லுவாளா?"

இந்திராதேவி உடனே பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நிறுத்தினாள்.

"கடைசியாப் போனப்ப சொன்னாண்ணே. அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொன்னா. கடைக்காரம்மாகிட்டகூட சொல்லி வெச்சா, மூணு தட்டு வையுங்கன்னு."

தேவிஸ்ரீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புவனேஷ் எழுந்து கேட் பக்கம் போய் நின்றான். பிச்சைமுத்து அழவில்லை.

தரையைப் பார்த்தாள். நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள். அடுத்த வாரம் என்றாள்.

தொழில்காரனிடமே தொழிலைக் காட்டுகிறாளே. நல்லவள்தான், புருசன் செத்தபோது அவளுக்கும் இவர் இதே மாதிரி ஒன்றைச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறாள். பிச்சைமுத்து அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நம்பியவன் ஆட்டுகிற மாதிரியே. அப்படி ஆட்டுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான்.

* * *

கதவைத் திறந்தார்கள். விளக்கு நின்று எரிந்தது. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. பேத்தி பேரன் இல்லாத வீடு. இருக்கிற நாலு பேரும் தரையில் உட்கார்ந்து, படைத்ததைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். முதலில் தாலி கட்டினவன் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம்.

பிச்சைமுத்து திருக்கையில் ஒரு துண்டு எடுத்தார். புளிப்பும் உறைப்புமாக இருந்தது, அடியில் அந்த வாடை இருந்தது. மென்று விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார். பிடிக்கும் என்று நினைத்தார். இத்தனைக்கும் பிறகு பிடித்துவிடும் என்றுதான் எடுத்தார். பிடிக்கவில்லை. அறுபத்தொன்பது வருசமாகப் பிடிக்காதது இன்றைக்கும் பிடிக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது தேவிஸ்ரீ காலண்டர் முன்னால் நிற்பதைப் பார்த்தார். பின்னால் மடித்திருந்த நவம்பர்த் தாளை அவள் முன்னால் கொண்டுவந்திருந்தாள். விரல் கடைசி வரிசையில் நின்றது. முப்பதாம் தேதி. போன சனிக்கிழமை.

"அப்பா" என்றாள். "மத்த எல்லா சனிக்கிழமைக்கும் ஒரு வட்டம்தான் இருக்கு. இதுக்கு மட்டும் ரெண்டு இருக்கு. வந்து பாருங்க. பக்கத்துல பக்கத்துல."

அவர் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு நீல வட்டம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

"பேனா சரியா எழுதியிருக்காது" என்றார். "மறுபடி போட்டிருப்பா."

"மறுபடி போட்டா மேலதானேப்பா போடுவாங்க?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அன்றைக்குக் காலையில் கேட்டில் நின்று, நாலு மணிக்கு வீட்டில் இருப்பீர்களா என்று அவள் கேட்டதை இந்த எட்டு நாளில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். ஒரே ஒரு வரிதான்.

"எல்லாத்துக்கும் அர்த்தம் பாக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

எங்கே போகிறீர்கள் என்று உள்ளேயிருந்து தேவிஸ்ரீ கேட்டாள். பதில் சொல்லவில்லை. மோட்டாரையும் எடுக்கவில்லை. அதன் கூடைக்குள் போன் அடித்தது. பாச்சாங்காகத்தான் இருக்கும், குழாயில் ஏதாவது சந்தேகமாக இருக்கும். அவர் அதைத் தாண்டிப் போனார். கேட்டருகே, அவள் நின்ற இடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்.

சாவு வீட்டில் யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். பேனாவும் எப்படி வேண்டுமானாலும் எழுதும். அன்றைக்கு எதற்கு என்று அவர்தான் கேட்டாரே. கேட்கத்தானே செய்தார். சும்மாதான் என்று அவளே சொன்னாளே.

சும்மாதான் கேட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தெருமுனை விளக்கைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.